ரேவதி வந்தால் சர்வர் சாகும்

அத்தியாயம் 5

“செத்துடுச்சு” என்றான் ராஜேஷ்குமார்.

துக்கம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. நான் அப்போதே சொன்னேனா இல்லையா என்கிற குரல். மீட்டிங் ரூம் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த எண்கள் அப்படியே உறைந்து நின்றன. கீழே கேட் பக்கமிருந்து முதல் லாரியின் ஹாரன் கேட்டது.

துப்பறிவாளர் கரியப்பன் திரையைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ரேவதியின் கைகளைப் பார்த்தார். கம்பெனி பஸ்ஸை விட்டு அவள் இறங்கிய நிமிடத்திலிருந்து அவர் அவளைக் கண்ணைவிட்டு அகல விடவில்லை. அவளுடைய போன், கரியப்பனின் உதவியாளர் தர்ஷினியின் கைப்பையில் இருந்தது. லேப்டாப் பீரோவில் பூட்டிக் கிடந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தபடி, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள் அவள்.

“பாத்துக்குங்க மேடம்” என்று மணிமேகலையிடம் திரும்பினார் கரியப்பன். “இந்தப் பொண்ணு ஒரு சுவிட்சைக்கூடத் தொடல. சர்வர் தானாப் படுத்துடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

மணிமேகலை அந்தத் தொழிற்சாலையின் நிர்வாகத் தலைவி. ஓசூர் சிப்காட்டில் லாரிகளுக்கு அச்சு செய்து கொடுக்கும் மரகதா ஆக்சில்ஸ் அவருடைய கைக்குள் இருந்தது. அந்தத் தொழிற்சாலை மொத்தமும் ஒரு ஜாவா சர்வரின் கைக்குள் இருந்தது. வண்டி உள்ளே வர, சரக்கு வெளியே போக, ஸ்டோரில் ஒரு போல்ட் வாங்க, கேன்டீனில் ஒரு காபி குடிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான் தலையாட்ட வேண்டும். சில மாதங்களாக அது தினமும் காலையில் மூர்ச்சையாகி விழுந்தது. வண்டிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டின. வாடிக்கையாளர்கள் கத்தினார்கள்.

ரேவதி வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் இது ஆரம்பித்தது. சர்வரைப் பார்த்துக்கொள்வதே அவளுடைய வேலை. அவள் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சர்வர் விழும். அத்திப்பள்ளியிலிருந்து வரும் பஸ் லேட்டாகி அவள் லேட்டாக வந்தால், சர்வரும் லேட்டாக விழும். கர்நாடகாவில் பந்த் என்று பஸ்ஸே வராத ஒரு நாள், அவள் வீட்டில் இருந்தாள். அன்றைக்கு சர்வர் கல்லுப் பிள்ளையாராட்டம் நின்றது. இதையெல்லாம் கோத்துப் பார்த்து, அவள்தான் வேண்டுமென்றே சர்வரைக் கொல்கிறாள் என்று ஐ.டி. மேனேஜர் ராஜேஷ்குமார் ஒற்றைக் காலில் நின்றான். போலீஸுக்குப் புகாரும் தயாராக இருந்தது. எம்.டி. கோயம்புத்தூரிலிருந்து சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

“சாட்சி இருக்கட்டும் சார்” என்றான் ராஜேஷ்குமார். “பஸ்ஸை விட்டு எறங்குனதும் ஐடி கார்டைத் தேய்ச்சாளா இல்லையா? அந்தப் பஞ்ச் சர்வருக்குத்தான் போகுது. அதைப் பாத்ததும் கெளம்புற மாதிரி உள்ள ஒரு கோடை டிப்ளாய் பண்ணி வெச்சிருப்பா. கிளாஸ்லோடர் லெவல்ல ஒளிச்சு வெச்சா யாராலயும் கண்டுபுடிக்க முடியாது.”

“யாராலயும் கண்டுபுடிக்க முடியாதுன்னா, இருக்குதுன்னு நீங்க மட்டும் எப்படிச் சொல்றீங்க?”

“சிம்ப்டம் சொல்லுது சார். ஹீப் ஃபுல் ஆகுது. ஜி.சி. பாஸ் ஆகுது. த்ரெட் பூல் எக்ஸாஸ்ட் ஆகுது. ஜே.வி.எம். ஹேங் ஆகுது.”

அந்த நாலு வாக்கியத்தில் கரியப்பனுக்குப் புரிந்தது ‘ஆகுது’ மட்டும்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக லாரி விபத்துகளைத் துப்புத் துலக்கியே தலை நரைத்தவர் அவர். பிரேக் தானாகப் போனதா, போக வைத்தார்களா என்று சக்கரத்தை முகர்ந்து சொல்லிவிடுவார். இங்கே முகர்வதற்கு ஒன்றும் இல்லை. இந்தக் கேஸை எடுத்த நாளிலிருந்து, கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இந்த ஆள் வாய் நிறைய வார்த்தைகளை எடுத்து மூஞ்சியில் எறிந்துகொண்டிருந்தான்.

ராஜேஷ்குமார் இன்டர்காமை எடுத்தான். “ரீஸ்டார்ட் குடுங்க. ஒடனே.”

அதுவரை பேசாமல் இருந்த ரேவதி நிமிர்ந்தாள். “சார், ஒரு நிமிஷம். த்ரெட் டம்ப் மட்டும் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணலாம் சார். அப்பத்தான் உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியும்.”

“வெளிய வண்டி நிக்குது. உனக்கு ஆராய்ச்சி கேக்குதா?”

திரை கறுத்தது. கொஞ்ச நேரத்தில் புதிதாகப் பிறந்ததுபோல் எண்கள் ஓட ஆரம்பித்தன. அதற்குப் பிறகு மேஜைமேல் கிடந்த ராஜேஷ்குமாரின் போன் அதிர்ந்தது. ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்தான். மறுபடி அதிர்ந்தது. அவன் திரும்பியே பார்க்கவில்லை.

“எடுங்க சார், முக்கியமா இருக்கப் போவுது” என்றாள் தர்ஷினி.

“ஒண்ணுமில்ல. தெனம் வர்ற தொல்லை.”

மணிமேகலை எழுந்தார். அவர் முகத்திலும் தூக்கம் போன களைப்பு இருந்தது. “கரியப்பன், எனக்கும் இந்தப் பொண்ணை அனுப்ப இஷ்டமில்ல. ஆனா எம்.டி. கேட்டா நான் சொல்றதுக்கு ஒரு பதில் வேணும். சாயங்காலம் வரைக்கும்தான் டைம்.”

*

கேன்டீனில் கூப்பன் மெஷின் இன்னும் உயிர் பெறவில்லை. டீ மாஸ்டர் இரக்கப்பட்டு மூன்று டம்ளரை நீட்டினார். ரேவதியைத் தன் சீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அவளும் இவர்களுடன் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா தர்ஷினி” என்றார் கரியப்பன். “அவன் சொன்னதைத் தமிழ்ல சொல்லு. நீதான் ஜாவா படிச்சவளாச்சே.”

“பாதி ஜாவா சார். மீதி நடத்தறதுக்குள்ள கிருஷ்ணகிரியில அந்த சென்டரையே மூடிட்டாங்க.” அவள் டம்ளரால் கவுன்ட்டரைக் காட்டினாள். “த்ரெட்னா அங்க பரிமாற நிக்கிற ஆளு. வந்து கேக்கறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆளு. மொத்தம் இத்தனை பேர்தான்னு வெச்சிருக்கறது த்ரெட் பூல். ஹீப்னா தட்டு வைக்கிற மேடை. சாப்ட்ட தட்டை எடுத்துக்கிட்டே இருக்கறவரு கார்பேஜ் கலெக்டர், அதான் அந்த ஜி.சி. மேடை ரொம்பி வழிஞ்சா அவரு, எல்லாரும் அசையாம நில்லுங்கடான்னு சொல்லிட்டுத் தட்டுப் பொறுக்குவாரு. அதுக்குப் பேரு ஸ்டாப் த வேர்ல்ட்.”

“உலகத்தையே நிறுத்துவானா?”

“தட்டுப் பொறுக்குறவருக்கு அந்த அதிகாரம் ஜாவாவுலதான் உண்டு.”

ரேவதிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

“அப்ப ஒரே கேள்விதான்” என்றார் கரியப்பன். “காலையில திடீர்னு வந்து இத்தனை தட்டு கேக்கறது யாரு?”

“அதைத்தான் சார் நானும் கேக்கறேன்” என்றாள் ரேவதி. “ஆக்சஸ் லாக் இருந்தா யாரு கேட்டாங்கன்னு வரிசையா பதிவாகியிருக்கும். டிஸ்க் ரொம்புதுன்னு நான் வர்றதுக்கு முன்னாடியே அதை நிறுத்திட்டாங்க. மறுபடி ஆன் பண்ணணும்னு கேட்டேன். சேஞ்ச் ரிக்வெஸ்ட் போடச் சொன்னாரு. போட்டேன். அதுக்கு அப்ரூவல் குடுக்க வேண்டியவரும் அவரேதான்.”

“குடுக்கலையா?”

“ஞாபகப்படுத்தினா, அவசரப்படாதேங்கறாரு. செத்த எடத்துலயே பாக்கலாம்னா அதுக்குள்ள ரீஸ்டார்ட். எல்லாம் தொடச்சுப் போயிடுது சார்.”

கரியப்பனுக்கு இது புரிந்தது. லாரி குப்புற விழுந்ததும் போலீஸ் வருவதற்குள் கிரேன் வைத்துத் தூக்கி, ரோட்டைக் கழுவிவிடும் முதலாளிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்களுக்கு எப்போதும் போக்குவரத்தின்மேல்தான் கவலை.

“நீ ஒரு நாள் லீவு போட்டிருந்தா நல்லா இருந்திருக்குமே. நீ வராத அன்னிக்கும் சர்வர் விழுந்திருந்தா, கதை அங்கயே முடிஞ்சிருக்கும்.”

“புது வேலை சார். பர்மனென்ட் ஆகற வரைக்கும் லீவே எடுக்கக் கூடாதுன்னு நானே முடிவு பண்ணியிருந்தேன். தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்குக்கூட வேலை முடிஞ்சு, பந்தி முடியற நேரத்துக்குத்தான் போனேன்.” அவள் டீயைத் தள்ளி வைத்தாள். “போலீஸ் கேஸ்னு ஒண்ணு வந்துட்டா இனி எந்தக் கம்பெனியும் என்னை சர்வர் பக்கம் விடாது. எனக்கு இது மட்டும்தான் சார் தெரியும்.”

ஒழுங்காக வேலைக்கு வந்ததையே குற்றப்பத்திரிகை ஆக்கிவிட்டார்களே என்று நினைத்தார் கரியப்பன். டம்ளரைக் கீழே வைக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

“நீ தனியாவாம்மா வர்றே?”

“இல்ல சார். பஸ்ல. நாப்பது பேரு வருவோம்.”

“அப்படின்னா ரேவதி வந்தா சர்வர் சாகுதுன்னு ஏன் சொல்லணும்? பஸ் வந்தா சர்வர் சாகுதுன்னு சொல்லலாம் இல்ல?”

தர்ஷினி நெற்றியைத் தட்டிக்கொண்டாள். “ஒருத்தி மேல இருந்த சந்தேகத்தை நாப்பது பேருக்குப் பங்கு போட்டுட்டீங்க சார். பெரிய மனசு.”

*

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் கரியப்பனுக்கு இப்போதும் கடுப்பு வரும்.

பஸ்ஸில் வந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனார். ஃபோர்ஜிங் பிரிவில் காதடைக்கும் சத்தத்துக்கு நடுவே தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வந்தது. தெலுங்கில் கேட்டால் கன்னடத்தில் வந்தது. பெயின்ட் பிரிவில் இருந்தவர்கள் முகமூடியைக் கழற்றாமலே தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர் இல்லை. இறங்கியதும் கார்டைத் தேய்ப்பார்கள், மெஷினுக்குப் போவார்கள், அவ்வளவுதான்.

பஸ் டிரைவர் முத்துமணி ஷெட்டில் படுத்திருந்தார். “பஸ் என்ன சார் பண்ணும்? டீசல் குடிக்கும். ஜூஜுவாடி செக்போஸ்ட்டுல மாட்டுனா நிக்கும். சர்வரு கிர்வருலாம் நமக்கு கொத்தில்லா” என்று கன்னடத்தில் கைவிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிற்பகல் ஷிப்டுக்கும் அதே ஊரிலிருந்து அதே பஸ்தான் ஆட்களை ஏற்றி வரும். அதைத்தான் கடைசி நம்பிக்கையாக வைத்திருந்தார் கரியப்பன். ராஜேஷ்குமாரையும் மணிமேகலையையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, “பஸ் வரட்டும், பாருங்க” என்று தைரியமாகச் சொல்லியும் விட்டார்.

பஸ் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். கார்டுகளைத் தேய்த்தார்கள். திரையில் எண்கள் ஓடின, ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு முனகல்கூட இல்லை.

ராஜேஷ்குமார் நாற்காலியில் சாய்ந்தான். “பஸ் வந்துடுச்சு சார். ஆனா அதுல ரேவதி வரலையே.”

கரியப்பன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மணிமேகலை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எம்.டி.யின் கார் சூளகிரியைத் தாண்டிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது.

படியிறங்கி வரும்போது தர்ஷினிகூட வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் வருவது கரியப்பனுக்கு இன்னும் வலித்தது. கேட் வரைக்கும் நடந்து, செக்யூரிட்டி அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். நானும் ஒரு துப்பறிகிறவன் என்று போர்டு வேறு மாட்டியிருக்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். நாளைக்குக் காலையில் அந்தப் பெண் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பாள். அங்கேயும் யாருக்கும் ஹீப் என்றால் என்னவென்று தெரியாது.

பஸ் இன்னும் கேட்டிலேயே நின்றது. ஒரு செக்யூரிட்டி பஸ்ஸுக்குள் ஏறி சீட்டுச் சீட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வெளியே நின்ற லாரிக்காரரிடம் கன்னடத்தில் நம்பர் கேட்டு அடித்துக்கொண்டிருந்தார்.

கரியப்பன் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர் மாதேஸ்வரன். பாரூர்ப் பக்கத்து ஆள். இத்தனை நாளில் கேட்டில் தினமும் வணக்கம் சொன்னவர்.

“காலையிலயும் நீங்க ரெண்டு பேருதானுங்களா?”

“இல்லீங்க சார். காலையில நான் ஒருத்தன்தான். இவரு மத்தியானத்துக்கு மேலதான் வருவாரு.”

“பஸ் வந்தா ஏறிப் பாக்கணுமா?”

“ஆமாங்க. ஒவ்வொரு கார்டும் பாக்கணும், பையைப் பாக்கணும். எப்படியும் கொஞ்ச நேரம் புடிக்குமுங்க.”

“அந்த நேரத்துல கம்ப்யூட்டர்கிட்ட யாரு இருப்பாங்க?”

மாதேஸ்வரனின் கண் ஒரு நொடி அறைக்குள் போய்விட்டு வந்தது. லாரி டிரைவர்களின் பொய்யைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த கரியப்பனுக்கு அந்த ஒரு நொடி போதும். எழுந்து உள்ளே போனார்; உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி எழுந்து வழிவிட்டார்.

மேஜைமேல் கம்ப்யூட்டர், கீபோர்டு, ஒரு தண்ணீர் பாட்டில். அதற்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு இரும்புத் துண்டு. தரத்தில் தேறாமல் கழித்துப் போட்ட அச்சுத் துண்டு. ஓரத்தில் எண்ணெய் மினுக்கியது.

“இது எதுக்கு?”

“பேப்பர் வெயிட்டுங்க சார்.”

தர்ஷினி அறையைச் சுற்றிப் பார்த்தாள். “இங்க எல்லாம் கம்ப்யூட்டர்லதானே போடறீங்க. ஒரு காயிதத்தையும் காணோமே. வெயிட்டு மட்டும் வந்துடுச்சு, பேப்பர் பின்னால வருதா?”

கரியப்பன் கீபோர்டின்மேல் குனிந்தார். எல்லாக் கட்டைகளிலும் எழுத்து இருந்தது. மேல் வரிசையில் ஒன்றில் மட்டும் எழுத்தே இல்லை. தேய்ந்து, பள்ளமாகி, அதன்மேல் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. இரும்புத் துண்டை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். அதற்கென்றே கடைந்த மாதிரி உட்கார்ந்தது. சட்டென்று எடுத்துவிட்டார்.

“இது என்ன கட்டை?” என்றார் தர்ஷினியிடம்.

அவள் முகத்தில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை. “எஃப் ஃபைவ் சார். அதை அமுக்குனா பக்கம் மறுபடி புதுசா வரும். சர்வர்கிட்ட போயி, இன்னொரு தட்டு குடுன்னு கேக்கும்.”

“அமுக்கிக்கிட்டே இருந்தா?”

“கேட்டுக்கிட்டே இருக்கும். முன்னாடி வாங்குன தட்டைத் தொடாமலே.”

மாதேஸ்வரன் வாசலிலேயே நின்றார். “நான் கெட்டது ஒண்ணும் பண்ணலீங்க சார். கொஞ்ச நேரம் தொடாம உட்டா இந்த ஸ்கிரீன் தானா மூடிக்கும். முன்ன பாஸ்வேர்டு போட்டா தொறக்கும். ரேவதியம்மா வேலைக்குச் சேந்த சமயத்துல இருந்து ஓடிபி வேணுங்கறாங்க. அது ஐ.டி. சாரு போனுக்குத்தான் போவும். நான் போன் போட்டா அவரு லேசுல எடுக்கறதில்ல. லாரிக்காரன் என் சட்டையைப் புடிக்கறான். கேட்டுல வண்டி நிக்க உட்டேன்னு எனக்கு மெமோ வேற. அந்தக் கட்டையை அமுக்குனா மூடாம இருக்குதுன்னு ஒரு நாள் தெரிஞ்சுது. பஸ் பாக்கப் போறப்ப இதைத் தூக்கி வெச்சுட்டுப் போவேன். அவ்வளவுதானுங்க.”

“நீங்க வெச்சுட்டு எறங்குனதும் சர்வர் செத்துப் போவுது. தெரியுமா?”

“தெனம் அது சாகுதுங்க. நான் வர்றதுக்குள்ள செத்துக் கெடக்கும். மறுபடி ஓடிபி, மறுபடி போனு. என் தலையெழுத்துன்னு நெனச்சுக்குவேன்.” இரண்டு கையையும் கூப்பினார். “என் மேல போட்டுடாதீங்க சார். வயலைக் குத்தகைக்கு உட்டுட்டு இதை நம்பி வந்துட்டேன்.”

கரியப்பன் அவர் தோளைப் பிடித்தார். காலையில் மேஜைமேல் குப்புறக் கவிழ்ந்த அந்தப் போன் அவர் கண்ணுக்குள் வந்து நின்றது.

“உங்க மேல யாரும் போட மாட்டாங்க. நான் சொல்றதை மட்டும் பண்ணுங்க. மிஸ்டு கால் குடுப்பேன். இதைத் தூக்கி அங்க வெச்சுடுங்க. சர்வர் செத்ததும் எடுத்து தர்ஷினிகிட்ட குடுத்துடுங்க. அப்பறம் தெனம் என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்க.”

*

மீட்டிங் ரூமில் புகார் மேஜைமேல் இருந்தது. ரேவதி காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில், காலையில் வைத்த மாதிரியே கைகளை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை அப்படி உட்காரச் சொல்லவில்லை. அதைப் பார்த்ததும் கரியப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. மேஜைக்கடியில் போனை அமுக்கினார்.

“என்ன சார், இன்னொரு பஸ் வருதா?” என்றான் ராஜேஷ்குமார்.

“இல்ல. பஸ்ஸும் வரல, யாரும் கார்டும் தேய்க்கல. சும்மா உக்காந்திருப்போம்.”

உட்கார்ந்திருந்தார்கள். திரையில் எண்கள் திக்கின. நின்றன. மறுபடி நகரப் பார்த்து, ஒரேயடியாக உறைந்தன. ஹாரன் சத்தம் எழும்பியது.

மணிமேகலை எழுந்தேவிட்டார். ராஜேஷ்குமார் ரேவதியை நோக்கிக் கையை நீட்டினான், பாதியில் இறக்கினான். கை பழக்கத்தில் இன்டர்காமுக்குப் போனது. “ரீஸ்டார்ட் குடுங்க.”

“குடுங்க, குடுங்க” என்றார் கரியப்பன். “உங்களுக்கு அது ஒண்ணுதானே தெரியும்.”

திரை கறுத்து, திரும்பி வந்தது. எண்கள் ஓட ஆரம்பித்தன. கரியப்பன் மேஜைமேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அதிர்ந்தது. ராஜேஷ்குமார் எட்டி அதைக் குப்புறக் கவிழ்த்தான்.

“அந்தப் போனை எடுங்க” என்றார் கரியப்பன்.

“அது கேட் செக்யூரிட்டி சார். தெனமும்...”

“எடுங்க ராஜேஷ்” என்றார் மணிமேகலை. “ஸ்பீக்கர்ல போடுங்க.”

போனிலிருந்து மாதேஸ்வரனின் குரல் லாரிச் சத்தத்தோடு வந்தது. “சார், கேட்டுலருந்து மாதேஸ்வரனுங்க. ஓடிபி சொல்லுங்க சார். காலையிலயும் போட்டேன், ரொம்ப நேரம் நீங்க எடுக்கல. வண்டிங்க ரோடு வரைக்கும் நிக்குதுங்க சார்.”

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தர்ஷினி உள்ளே வந்தாள். எண்ணெய் மினுக்கிய இரும்புத் துண்டைப் புகாரின்மேல் வைத்தாள்.

“ஹேக்கரைப் புடிச்சாச்சு மேடம். ஆளு கொஞ்சம் கனம்.”

கரியப்பன் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. காலையில் கேட்டில் ஒரே ஆள். பஸ் வந்தால் அவர் எழுந்து போயாக வேண்டும். எழுந்து போனால் திரை மூடிக்கொள்ளும். மூடினால் ஓடிபி வேண்டும், அதற்குப் போட்ட போன் எடுக்கப்படாது. அதனால் இரும்பு. இரும்பு கேட்டுக் கேட்டே சர்வரைச் சாகடித்தது. பந்த் அன்றைக்கு பஸ் வரவில்லை, இரும்பும் ஏறவில்லை. பிற்பகலில் கேட்டில் இரண்டு பேர், அதனால் இரும்புக்கு வேலையில்லை. ரேவதி செய்த குற்றம் அந்த பஸ்ஸில் ஒரு நாள் விடாமல் வந்தது மட்டும்தான்.

“செக்யூரிட்டிக்கு மெமோ குடுக்கணும் மேடம்” என்றான் ராஜேஷ்குமார். குரல் பாதியாக இறங்கியிருந்தது. “இது அவரோட தப்பு.”

“மெமோ ஏற்கனவே குடுத்துட்டீங்க” என்றார் கரியப்பன். “அந்த மெமோவுக்குப் பயந்துதான் அவரு இரும்பைத் தூக்கினாரு. நீங்க மொத மணியிலயே போனை எடுத்திருந்தா அதுக்கு வேலையே இல்ல. இந்தப் பொண்ணு கேட்டப்ப அந்த லாக்கை ஆன் பண்ணியிருந்தா என்னையும் கூப்பிட வேண்டியதில்ல. இத்தனை நாளும் ஹீப்பு, பூலுன்னு எனக்குத் தண்ணி காட்டினீங்க. தெரியாததைத் தெரியலைன்னு சொல்ல உங்க ஜாவாவுல ஒரு வார்த்தை இல்லையா?”

மணிமேகலை இரும்புத் துண்டை நகர்த்தி, அடியில் எண்ணெய் ஊறிப் போயிருந்த புகாரை எடுத்து நான்காகக் கிழித்தார். “ராஜேஷ், எம்.டி. கார் வந்துடுச்சு. இதையெல்லாம் அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.” பிறகு ரேவதியிடம் திரும்பினார். “நீ சீட்டுக்குப் போம்மா. அந்த லாக்கை ஆன் பண்ணிடு, நான் அப்ரூவல் குடுக்கறேன். கேட்டுக்கு அந்த ஓடிபியும் வேண்டாம்.”

ரேவதி மேஜைமேலிருந்து கைகளை எடுத்தாள். உட்கார்ந்தபடியே அவற்றைக் கொஞ்ச நேரம் பிசைந்து விட்டுக்கொண்டாள். அழுவாள் என்று கரியப்பன் எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. முகம் சிவந்திருந்தது.

“அதெல்லாம் இப்பவே பண்ணிடறேன் மேடம். ஆனா நாளைக்கு எனக்கு லீவு வேணும்.”

“லீவா?”

“ஆமா மேடம். பஸ் எப்பவும்போல வரும். நான் வர மாட்டேன். சர்வருக்கு என்ன ஆச்சுன்னு சாரைக் கேட்டுக்குங்க.”

மேஜைமேல் போன் மறுபடி அதிர்ந்தது. ராஜேஷ்குமார் முதல் அதிர்விலேயே எடுத்து, “சொல்லுங்க மாதேஸ்வரன்” என்றான்.